முள் கீழேதான் இருந்தது

என் மனைவியின் வலது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு தழும்பு இருக்கிறது. அதற்குக் காரணம் நான்தான். அது நடந்தபோது அவளுக்கு ஐந்தடி தள்ளி, கையில் தண்ணீர் கேனோடு நின்றிருந்தேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் கார். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்துச் சொட்டியது. மெக்கானிக்கிடம் விட்டால் ஒரு நாள் போய்விடும் என்று, உத்திரமேரூரில் புது ஹோஸ் வாங்கிவந்து மானாம்பதியில் எங்கள் வாசலிலேயே மாட்டினேன். போனில் ஒரு வீடியோ ஓடியது. ஹோஸ் மாட்டுகிறவரைக்கும் பார்த்தேன். அதற்கு மேலும் அந்த ஆள் வளவளவென்று பேசிக்கொண்டே போனதால் அணைத்துவிட்டேன். இன்ஜினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்ட்டை விளிம்புவரை ஊற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகியபோது எனக்கிருந்த தெனாவெட்டு கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் காலை காஞ்சிபுரத்தில் அவள் தங்கைக்கு வளைகாப்பு. வழியில் பெருநகர் என்ற ஊரை நெருங்கும்போது பானெட் இடுக்கிலிருந்து லேசாக ஆவி வந்தது. ஓரம் கட்டி, சாவியை ஆனிலேயே விட்டு, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். கீழேயே கிடந்தது. அப்பாடா என்றிருந்தது. ஹோஸ் முனையில் கொஞ்சம் கசிந்திருக்கும், தண்ணீர் ஊற்றினால் போதும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, பானெட்டைத் தூக்கிவிட்டுக் கேன் எடுக்கப் பின்னால் போனேன். கேனோடு நான் திரும்பும்போது அவளும் இறங்கி ரேடியேட்டர் பக்கம் நின்றிருந்தாள்.

"மூடிய தெறக்கட்டா? சூடா கீதா பாரு."

"முள்ளு கீழதான் கீது ம்மே. ஒண்ணும் ஆவாது, தெற."

துணியைச் சுற்றிப் பாதிதான் திருகியிருப்பாள். சீறிக்கொண்டு கொதிநீர் ஆளுயரத்துக்கு அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கையை இழுக்க முடியவில்லை. அவள் அப்படி அலறி நான் கேட்டதேயில்லை. கேன் தண்ணீர் முழுவதையும் அவள் கையில் ஊற்றினேன். ஊற்றும்போதே ஜன்னல் வழியாக அந்த முள் கண்ணில் பட்டது. தரையெல்லாம் பச்சைத் தண்ணீர் கொதித்து ஆவி பறக்கிறது, முள் கீழேதான் இருந்தது. அந்த வழியாக வந்த ஷேர் ஆட்டோக்காரர்தான் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்து பார்த்தார்.

"ஹோஸ் மாட்டிட்டு உள்ள நின்ன காத்த எடுக்காம ஓட்டிக்கினு போயிகிறியே நைனா! சூடு பாக்குற சென்சாரு தண்ணியில முங்கிக் கெடக்கணும். உன்னுது காத்துல கெடந்துகீது. அதுக்கு இன்னா தெரியும்?"

உள்ளே நின்ற காற்று மேலேறி வெளியே வர, ஆறிக் கிடந்த காரை ஏரிக்கரை ஏற்றத்தில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தினார். மூடியைத் திறந்து வைத்து, கூலன்ட் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திருகினார். எங்கள் ஊர் வெயிலில் ஹீட்டரா? வாங்கிய நாள் முதல் அந்தத் திருகை நாங்கள் தொட்டதுகூட இல்லை. ஹீட்டர் குழாயிலும் காற்று நிற்குமாம். குபுக் குபுக் என்று குமிழி வந்தது. ஒவ்வொரு முறையும் மட்டம் இறங்க, அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். விளிம்புவரை நிரப்பிவிட்டேன் என்று நான் பெருமைப்பட்ட வண்டி, ஒரு லிட்டருக்கு மேல் குடித்தது.

அங்கேயே நின்று வீடியோவின் மீதியைப் பார்த்தேன். மீதி முழுக்க இதேதான். முள்ளை நம்பி மூடியைத் திறக்காதீர்கள் என்று அந்த ஆள் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

அவளுடைய தையல் மெஷின் இரண்டு மாதம் துணி மூடிக் கிடந்தது. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் தப்பித்திருப்பேன். இப்போதும் நான் டீயை நீட்டி "ஆறிடுச்சி, குடி" என்றால், இடது புறங்கையை டம்ளரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறாள். தான் அப்படிச் செய்வது அவளுக்கே தெரியாது.