கறுத்துப்போன சிங்கப்பூர் சீட்டுகள்

எங்கள் வீட்டில் தபால்தலை என்றால் அது என் வீட்டுக்காரருடையது. ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலத்திலிருந்தே சேர்க்கிறார். அதற்கென்று தனி பீரோ, கனமான ஆல்பங்கள், பிடிக்க ஒரு சின்ன இடுக்கி, பார்க்க ஒரு பூதக்கண்ணாடி. டவுனில் அவரைப் போலச் சேர்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு போய் வருவார். பீரோவின் வெளிப்பக்கத்தை நான் துடைக்கலாம். திறக்கக் கூடாது. "உன் கை எப்பவும் ஈரம்" என்பார். ஈரம்தான். இத்தனை வருஷம் அடுப்படியில் கிடந்த கை வேறு எப்படி இருக்கும்?

நான் சேர்த்தது வேறு. எங்களுக்கு ஒரே மகள், சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் எனக்குப் போட்ட கவர்களில் ஒட்டியிருந்த சீட்டுகளைத்தான் நான் சேர்த்தேன்.

அது ஆரம்பித்ததற்குக் காரணம் போன். அவள் கூப்பிட்டால் அவர்தான் எடுப்பார். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டு, மழை பெய்கிறதா, மாப்பிள்ளைக்கு வேலை எப்படி, எல்லாம் அவரே கேட்டு முடிப்பார். கடைசியில், "இந்தா, உங்கம்மா பேசறா" என்பார். அவர் பார்த்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு என்ன பேச வரும்? "சாப்பிட்டியா" என்பேன். "சாப்பிட்டேம்மா" என்பாள். அவ்வளவுதான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் எழும்பாது.

ஒரு தடவை ஊருக்கு வந்திருந்தபோது கிணற்றடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்கிட்ட பேசவே முடியலையேம்மா. நான் கவர் போடறேன், உன் பேருக்கு" என்றாள். போய்ச் சேர்ந்ததும் போட்டாள். போஸ்ட்மேன் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். யாரையோ கூப்பிடுகிறார் என்று உள்ளேயே இருந்துவிட்டேன்.

உள்ளே பெரிய பெரிய எழுத்தில் நாலு வரி இருக்கும். தொட்டியம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படித்தது அஞ்சாவது வரைதான் என்று அவளுக்குத் தெரியும். வெளியே தபால்தலைக்குப் பதிலாக ஒரு சீட்டு. அங்கே போஸ்ட் ஆபீஸ் வாசலிலேயே மிஷின் வைத்திருக்கிறார்களாம். "ஏ.டி.எம். மாதிரிம்மா. ஆளே இருக்க மாட்டாங்க. எவ்வளவுக்குன்னு கேக்கும். நாம அமுக்கினா நாக்கை நீட்டற மாதிரி ஒரு சீட்டு வெளிய வரும். கிழிச்சு ஒட்ட வேண்டியதுதான்" என்று அடுத்த தடவை வந்தபோது சொன்னாள். சீட்டில் மங்கலாக ஒரு படம் இருக்கும். அதன்மேல் விலையும், எந்த மிஷின் என்பதற்கு ஒரு எண்ணும் கறுப்பாக அச்சாகியிருக்கும்.

முதல் கவர் வந்த அன்று அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் ஸ்டாம்பே இல்ல. பஸ் டிக்கெட்டு" என்று சொல்லிக் குப்பைக்கூடையில் போட்டார். நான் எடுத்துக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். அப்படித்தான் தொடங்கியது. பட்டுப்புடவை வந்த அட்டைப்பெட்டியில், புடவையின் மடிப்புக்குள் வைப்பேன். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் எங்கள் ஊர்க் கோயிலைச் சுற்றித் தெருவெல்லாம் தடுப்பு கட்டிக் கூட்டம் நெரியும், தபால் தாமதமாகும். அந்த நாட்களில் பெட்டியைத் திறந்து பழையவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பார்க்கப் பார்க்க எனக்கு அந்த எண் படிய ஆரம்பித்தது. முதலில் ஒரே எண் வந்துகொண்டிருந்தது. அது அவள் வீட்டுப் பக்கத்து மிஷின். பிறகு வேறு எண் வந்தது. வேலைக்குச் சேர்ந்திருந்தாள், ஆபீசுக்குக் கீழே இருக்கும் மிஷின் அது. ஒரு வருஷம் தொடர்ந்து சில கவர்களில் மூன்றாவதாக ஒரு எண் இருந்தது. உள்ளே வழக்கம்போல நல்லா இருக்கேன் என்றுதான் எழுதியிருந்தாள். அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் கூப்பிட்டாள். எடுத்துக் கேட்டேன்.

"சீட்டுல புதுசா ஒரு நம்பர் வருதே, அது எந்த மிஷின்டி?"

"ஆஸ்பத்திரிக்கு எதிர்ல இருக்கும்மா. அப்பாகிட்ட சொல்லாதே. கலைஞ்சு போயிடுச்சு, இப்ப உடம்பு சரியாயிடுச்சு" என்றாள்.

நான் சொல்லவில்லை. அந்தச் சீட்டுகளை மட்டும் தனியாக ஒரு மல்துணியில் சுற்றி வைத்தேன். பிறக்காமல் போன என் பேரனோ பேத்தியோ, அதற்கு இந்த வீட்டில் இருந்த அடையாளம் அவ்வளவுதான்.

போன வருஷம் அவர்கள் சங்கத்தில் கண்காட்சி வைப்பதாகப் பேச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"அந்த சிங்கப்பூர் மிஷின் சீட்டெல்லாம் வச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா?"

"இருக்குங்க."

"இப்ப அதுக்குத்தான் மவுசாம். மெட்ராஸ்லேர்ந்து வந்தவர் சொல்றார். நம்ம ஊர்ல யார்கிட்டயும் இல்ல."

பெட்டியோடு கொடுத்தேன். வேறு என்ன செய்வது? மல்துணியை எடுத்து ஒளிக்கலாமா என்று கை போனது. அதற்குள் பிரித்துவிட்டார். "இது எதுக்குத் தனியா முடிஞ்சு வச்சிருக்கே, பிரசாதமா?" என்று சிரித்தார். தடித்த தாள்களில் வரிசையாக ஒட்டினார். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் தன் பெயரை ஸ்கெட்ச் பேனாவால் எழுதினார். நான் காபி கொண்டுபோய் வைத்தபோது, "தள்ளி வை, சிந்திடப்போறே" என்றார்.

கண்காட்சிக்கு நானும் வரட்டுமா என்று கேட்டேன். அதைக் கேட்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

"வாயேன். ஒரு ஓரமா உக்காந்துக்கோ" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எந்தப் புடவை கட்டுவது என்றுகூட யோசித்து வைத்தேன்.

நம் ஊரில் எதையும் லேமினேஷன் போடாமல் விட மாட்டோம். ஜாதகம், ரேஷன் கார்டு, சாமி படம் எல்லாம் போட்டாயிற்று. இவருக்கும், பார்க்க வருகிறவர்கள் கை வைத்து அழுக்காக்கிவிடுவார்களே என்று தோன்றிவிட்டது. தாள்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போனார். கொடுத்துவிட்டு, எதிர்க்கடையில் டிபன் சாப்பிடப் போய்விட்டார். கடைக்காரர் போனில் பேசிக்கொண்டே ஒவ்வொரு தாளாக மிஷினுக்குள் தள்ளியிருக்கிறார். இவர் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் அந்தப் பக்கம் வந்து விழுந்துகிடந்தன.

சீட்டு எல்லாம் கரி. படமும் இல்லை, விலையும் இல்லை, எண்ணும் இல்லை. மேலே அவர் பெயர் மட்டும் பளபளவென்று இருந்தது.

"சூடு பட்டா கறுக்கற பேப்பராம். பஸ் டிக்கெட் மாதிரியாம். முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா அந்த முட்டாப்பய?" என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே மேஜைமேல் போட்டார். நான் தாள் தாளாக எடுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டு எது, ஆபீஸ் சீட்டு எது என்று ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவினால் பிளாஸ்டிக் வழுக்கியது.

"இப்ப ஏன் கண்ணைக் கசக்கறே? உன் பொண்ணுகிட்ட சொன்னா மறுபடி அனுப்பப்போறா. அச்சடிச்ச காகிதம்தானே?"

அன்றைக்கே அவளுக்குப் போன் போட்டார். கறுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இந்தா பாரு, அந்த மிஷின்ல எத்தனை தினுசு விலை வருமோ அத்தனையும் அடிச்சு, ஒட்டாம அனுப்பு. ரெஜிஸ்டர்ல. எம் பேருக்கு" என்றார்.

வந்தது. கெட்டியான உறை. உள்ளே கத்தை கத்தையாகச் சீட்டுகள், ஒரு முத்திரைகூடப் படாமல். எல்லாவற்றிலும் ஒரே எண். கண்காட்சியில் அவற்றைத்தான் வைத்தார். நான் போகவில்லை, தலைவலி என்றேன். அங்கே பாராட்டி ஒரு ஷீல்டு கொடுத்தார்களாம். அது டி.வி.க்கு மேலே இருக்கிறது. கறுத்த தாள் ஒன்றைப் பசை பாட்டிலுக்கு அடியில் போட்டிருக்கிறார், மேஜையில் ஒட்டாமல் இருக்க. மற்றவை பெட்டியில் என்னிடம் இருக்கின்றன.

அந்த மாதம் எனக்குக் கவர் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைச் சார்ஜில் போட்டவர் அதை மறந்துவிட்டுச் சங்கத்துக்குக் கிளம்பிவிட்டார். அவள் படத்தை அமுக்கினேன். எடுத்தவுடனே, "என்னம்மா, அப்பாவுக்கு ஏதாவதா?" என்று பதறினாள்.

"ஒண்ணுமில்லடி. கவர் வரலையேன்னு…"

"அதான் நீ சேக்கற சீட்டை மொத்தமா அனுப்பிட்டேனேம்மா! உன் சீட்டையெல்லாம் கண்காட்சியில வச்சு, நீ பெருமையா உக்காந்திருந்தேன்னு அப்பா சொன்னார். எனக்கும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இனிமே மாசாமாசம் அந்த மிஷினைத் தேடி ஓட வேண்டாம் பாரு."

அவள் குரல் அப்படி நிறைந்து இருந்தது. அதில் போய் எதைச் சொல்வது?

"ஆமாண்டி. நல்லா இருந்துச்சு. சாப்பிட்டியா?" என்றேன்.

"சாப்பிட்டேம்மா" என்றாள்.

மத்தியானம் வந்தவர் போனை எடுத்துப் பார்த்தார்.

"நீயா பண்ணினே? என்னத்துக்கு?"

"சும்மாத்தாங்க."

"சும்மா பேச உனக்கு என்ன இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே போய்ப் பீரோவைத் திறந்தார்.