ஜனாதிபதியும் வெள்ளிக்கிழமை மட்டன் றோல்ஸும்

சிட்னியில், செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு வருடம் கொத்து றொட்டி அடித்தேன். அந்த இரண்டு வருடத்தில் அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றி நான் கேட்ட அளவுக்கு அமெரிக்காவில் இருப்பவர்கள் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம். கடை முதலாளியை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். றோல்ஸ் விற்றுத் தீர்ந்தால் அது அண்ணையின் கைராசி. மிஞ்சினால் அது ஜனாதிபதி செய்த வேலை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பொருளாதாரம் என்று ஒரு பாடம் இருப்பதே பிறகுதான் தெரியும். ஆனால் முதலாளிகளை எனக்குத் தெரியும். கட்டாரில் சீமெந்து மூட்டை சுமந்தேன், மலேசியாவில் கோழி வெட்டினேன், படகேறி இங்கே வந்து பதினொரு மாதம் முகாமில் இருந்தேன். வெளியே விட்டதும் மெல்பேர்ன் பக்கம் போய், வெரிபீயில் ஒரு தோட்டத்தில் புரொக்கொலி வெட்டினேன். அந்தத் தோட்டக்காரர் விலை விழுந்த வருடம் முழுக்கப் பிரதமரைத் திட்டினார். அடுத்த வருடம் விலை ஏறியது. அவர் ஒரு படகு வாங்கி, அதில் ஏறி நின்று எடுத்த படத்தை எங்களுக்குக் காட்டினார். நான் வந்த படகைவிட நல்ல படகு. பிரதமர் அதே ஆள்தான், ஆனால் அவருக்கு ஒரு நன்றிகூடப் போகவில்லை.

வெரிபீயில் குளிர் பிடிக்காமல் சிட்னிக்கு வந்தபோதுதான் அண்ணையின் கடை கிடைத்தது. சுற்றிவரத் தகரக் கூரைக் கட்டடங்களும் லொறிகளும்தான். கடைக்கு நேர் எதிரே இரும்புச் சாமான் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலை இருந்தது. அதில் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். காலை ஒன்பது மணிக்குத் தேநீர் இடைவேளை விட்டால் கடை வாசலில் யாழ்ப்பாண பஸ் நிலையம் மாதிரி இருக்கும். தேநீர், மட்டன் றோல்ஸ், கொத்து. வெள்ளிக்கிழமை மட்டும் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. அன்றைக்கு அண்ணையும் அவர் மனைவி அக்காவும் சைவம், கடையும் சைவம், வருகிற சனமும் சைவம். மரக்கறி றோல்ஸும் உளுந்து வடையும் போட்டால் பத்து மணிக்குள் தட்டுக் காலி.

பிறகு அந்தத் தொழிற்சாலை மூடியது. அமெரிக்கா வரி போட்டதால் மூடுகிறோம் என்று தொழிலாளருக்குச் சொன்னார்கள். இல்லை, கட்டட வாடகை கூடியதால் எப்போதோ எடுத்த முடிவு, வரி ஒரு சாட்டு என்று வேறு சிலர் சொன்னார்கள். எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு மாதத்தில் அந்தக் கட்டடத்துக்கு ஒரு பார்சல் கம்பனி வந்தது. முன்பு இருந்ததைவிட அதிகம் ஆட்கள். சமோவாக்காரர், நேபாளிகள், சூடானிகள். இருந்தும் எங்கள் றோல்ஸ் தட்டுத் தட்டாக மிஞ்சியது.

கடையின் லீஸ் முடிய ஒரு மாதம் இருந்தது. இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்து வைப்பதா, கடையை மூடுவதா என்று அண்ணை முடிவெடுக்க வேண்டும். அவர் மூடுகிற பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். மூடினால் அவருக்கு லொறி ஓட்டுகிற வேலை இருக்கிறது. அக்காவுக்கு இருப்பது, கடை தொடங்க முன் பார்த்த முதியோர் இல்லத்து வேலைதான்.

"திரும்பப் போய் ஆக்களைத் தூக்கிக் குளிக்கவாக்க என்ர நாரி தாங்காது" என்று அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னா. "ஒரு வருஷம் கட்டிலில கிடந்தனான், மறந்து போனியளே?"

"நானே பூட்டுறன்? அவனெல்லே பூட்டுறான்" என்றார் அண்ணை, தொலைக்காட்சிப் பக்கம் கையை நீட்டி. தொலைக்காட்சியில் ஜனாதிபதி ஏதோ ஒரு காகிதத்தில் பெரிய கையெழுத்தாக வைத்துக்கொண்டிருந்தார்.

குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் ஒவ்வொரு காலையும் ஒரு அங்கிள் இருப்பார். கணக்காளராக வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஒரு பிளேன் டீயை ஒரு மணித்தியாலம் குடிப்பார். அவர் ஜனாதிபதியின் ஆள்.

"விசர்க்கதை கதையாதையும்" என்றார் அங்கிள். "உம்மட றோல்ஸுக்கு அவன் வரி போட்டவனே?"

"றோல்ஸுக்குப் போடேல்லை அங்கிள். றோல்ஸ் தின்னுறவனுக்குப் போட்டவன்."

"அப்ப முந்தின வருஷம் நல்லா வித்துதே, அது ஆராலை?"

"அது என்ர உழைப்பு."

குசினிக்குள் இருந்து அக்காவின் குரல் வந்தது. "உங்கட உழைப்போ? அப்ப வெங்காயம் வெட்டினது ஆர், ஜனாதிபதியோ?"

ஒரு ஜனாதிபதியால் ஒரு நாட்டையே கவிழ்க்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஊரில் பெற்றோல் இல்லாமல் போன வருடம் என் தங்கச்சியின் புருஷன் மோட்டார் சைக்கிளோடு மூன்று நாள் வரிசையில் நின்றான். சாப்பாட்டைத் தங்கச்சி அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கே அந்த வரிசையில் நின்ற யாருக்கும், யார் காரணம் என்று சொல்ல அங்கிளைப் போல ஒரு கணக்காளர் தேவைப்படவில்லை. ஆனால் செவன் ஹில்ஸில் இரண்டு தட்டு றோல்ஸ் மிஞ்சுவதற்கு வாஷிங்டனில் இருப்பவர் எவ்வளவு பொறுப்பு என்று கேட்டால், அது வேறு கதை.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். பார்சல் கம்பனியில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிற சமோவாக்காரர் ஒருவர் நான்கு பொதி பொரித்த கோழியோடு எங்கள் கடையைத் தாண்டிப் போனார். கதவு நிறைந்த ஆள். அந்தக் கோழிக் கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மழையும் தூறிக்கொண்டிருந்தது. ஏன் எங்கள் கடைக்கு வருவதில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

நீங்கள்தான் இறைச்சி விற்பதில்லையே என்றார்.

வெள்ளிக்கிழமை மட்டும்தான் இல்லை, மற்ற நாளெல்லாம் ஆடு, கோழி, மாடு எல்லாம் உண்டு என்றேன். அவர் கோழிப் பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிசிரி என்று சிரித்தார். வெள்ளிதான் அவர்களுக்குச் சம்பள நாள். அன்றைக்கு மட்டும்தான் எல்லாரும் கூட்டாக வெளியே சாப்பிடுவார்கள். கம்பனி வந்த முதல் வெள்ளி எங்கள் கடைக்குப் பத்துப் பேராக வந்து இறைச்சி கேட்டிருக்கிறார்கள். அண்ணை 'நோ மீட்' என்று தலையாட்டி அனுப்பிவிட்டார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் சனத்துக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லையே. இது மரக்கறிக் கடை என்று போர்க்லிஃப்ட் ஆள் கம்பனி முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

நான் நேரே குசினிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அக்கா கத்தியை வைத்துவிட்டு அண்ணையிடம் போனா.

"வெள்ளிக்கிழமை மச்சம் விக்கிறதோ?" என்று அண்ணை எழும்பிவிட்டார். "பிள்ளையார் படத்துக்கு முன்னாலையோ?"

"பிள்ளையாரை வீட்டை கொண்டுபோம்" என்றார் அங்கிள். "இஞ்ச அவருக்கும் வியாபாரம் இல்லைத்தானே."

"நீங்கள் சும்மா இருங்கோ அங்கிள். உங்கட ஆள் செய்த வேலைக்கு நாங்கள் பாவம் தேடுறதோ?"

"இஞ்சேருங்கோ" என்றா அக்கா. குரல் உயரவில்லை. "நான் வெள்ளி மச்சம் தொட மாட்டன். நீங்களும் தொட வேண்டாம். இந்தத் தம்பி எந்தக் கிழமையெண்டு பாக்காமல் தின்னுறவன். அவன் பொரிக்கட்டும். உங்கட விரதத்துக்கு என்ர நாரியை விலையாக் குடுக்கேலாது."

என்னைப் பற்றி அக்கா சொன்னது சரிதான். முகாமில் கிழமை பார்த்தால் பட்டினிதான். அண்ணை பின்னேரம் வந்து சட்டதிட்டம் சொன்னார். உள்ளே வைக்கிற கறியை வியாழனே சமைத்து, றோல்ஸ் சுற்றி வைத்துவிட வேண்டும். வெள்ளி காலை நான் மட்டும் பொரிக்க வேண்டும். மரக்கறிக்கு ஒரு எண்ணெய்த் தாச்சி, மட்டனுக்கு வேறு தாச்சி. இரண்டு இடுக்கி. அவர் காசு வாங்குவார், றோல்ஸ் பக்கம் திரும்பமாட்டார். பிள்ளையார் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஆனால் கண்ணாடிப் பெட்டியைக் கொஞ்சம் மறுபக்கம் தள்ள வேண்டும்.

முதல் வெள்ளி இரண்டு தட்டுப் பொரித்தேன். அதில் பத்து றோல்ஸைப் பாதியாக வெட்டி, எதிரே கம்பனி வாசலில் போய் நின்று சும்மா கொடுத்தேன். போர்க்லிஃப்ட் ஆள் ஒரே கடியில் ஒன்றை முடித்துவிட்டு, உறைப்பில் கண்ணீர் வர, உள்ளே பார்த்து ஏதோ சத்தம் போட்டார். ஒன்பது மணிக்குக் கம்பனியின் மஞ்சள் சட்டைக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். ஒன்பதரைக்கு மட்டன் முடிந்து, அரை மனதோடு மரக்கறி றோல்ஸும் வாங்கினார்கள். அடுத்த வெள்ளி நான்கு தட்டு. அதற்குப் பிறகு செவ்வாயும் புதனும் கொத்துக்கு ஆள் வரத் தொடங்கியது. என் தோள்மூட்டு வலிக்க வலிக்க அடித்தேன்.

இந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் ஏதோ சில பொருட்களுக்கு வரியைக் குறைத்தார்கள் என்று செய்தி வந்தது.

"பாத்தியளே அங்கிள்!" என்றார் அண்ணை. "அவன் இறங்கி வந்திட்டான். சனம் சாப்பிட வெளிக்கிட்டிட்டுது."

"நான் அப்பவே சொன்னனான், ஆள் கெட்டிக்காரன் எண்டு. எப்ப ஏத்துறது எப்ப இறக்கிறது எண்டு அவனுக்குத் தெரியும்."

இரண்டு வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனதை அன்றுதான் கண்டேன். அக்கா குசினி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தா.

"உந்தத் தம்பியைக் கேளுங்கோ, ஆர் காரணமெண்டு."

"நான் என்ன அக்கா, பொரிச்சனான்" என்றேன்.

பணிவுக்காகச் சொல்லவில்லை. வெங்காயம் வெட்டும்போது யோசித்துப் பார்த்தேன். பார்சல் கம்பனி வராவிட்டால் தின்ன ஆளில்லை. இரும்புத் தொழிற்சாலை போகாவிட்டால் பார்சல் கம்பனிக்கு இடமில்லை. அதைப் போகவைத்தது வரியென்றால் எங்கள் வெள்ளிக்கிழமை மட்டனில் ஜனாதிபதிக்கும் ஒரு துண்டு பங்கு இருக்கிறது. வாடகைதான் போகவைத்தது என்றால் இல்லை. அக்காவின் நாரிக்கு எவ்வளவு, போர்க்லிஃப்ட் ஆளின் வாய்க்கு எவ்வளவு என்று பிரிக்கப் போய், வெங்காயம் முடிந்துவிட்டது, கணக்கு முடியவில்லை.

மாதக் கடைசியில் பரமட்டாவிலிருந்து ஏஜென்ட் லீஸ் காகிதத்தோடு வந்தா. கோட் போட்ட இளம் பெண். அண்ணை கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். அக்கா ஈரக் கையோடு குசினி வாசலில் நின்றா. பேனை மேசையில் கிடந்தது. அங்கிள்கூடத் தேநீரைத் தொடவில்லை.

அண்ணை நிமிர்ந்து, ஐந்து வருடம் வேண்டாம், மூன்று வருடம் போடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

ஏன் என்று ஏஜென்ட் கேட்டா.

அமெரிக்க ஜனாதிபதிக்கு இன்னும் மூன்று வருடம்தான் இருக்கிறது என்றார் அண்ணை. அதற்குப் பிறகு வருகிறவன் எப்படிப்பட்டவனோ, அவனை நம்பி நான் கடை நடத்த முடியாது.

அந்தப் பெண் அண்ணையைப் பார்த்தா, அக்காவைப் பார்த்தா, பிறகு வெளியே போய்க் கட்டட உரிமையாளரோடு போனில் கதைத்தா. திரும்பி வந்து, ஐந்தை வெட்டி மூன்று என்று எழுதினா. அண்ணை கையெழுத்து வைத்தார். அக்கா கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவருக்குக் கீழே தன் பெயரை ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினா. எழுதி முடித்து என் பக்கம் திரும்பினா.

"தம்பி, வெள்ளிக்கு எத்தினை தட்டுச் சுத்துறது?"

"ஆறு அக்கா."

"ஏழாச் சுத்துவம்" என்றுவிட்டு உள்ளே போனா.