ஏகமனதாக எழுதும் ரங்கநாதன்

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் மாலை ஆறு மணிக்கு என்றால், ரங்கநாதன் நான்கு மணிக்கே அதன் நடவடிக்கைக் குறிப்பை எழுதி முடித்துவிடுவார். யார் முன்மொழிந்தது, யார் வழிமொழிந்தது, தலைவர் எத்தனை மணிக்கு நன்றி சொன்னார் என்பதுவரை எல்லாம் அதில் இருக்கும். கடைசி வரி எப்போதும் ‘ஏகமனதாக நிறைவேறியது’. அதற்கு மட்டும் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போடுவார்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் இருக்கிறது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. இருபத்தெட்டு வீடுகள். அதன் சங்கத்துக்குப் பதினோரு வருடமாக அவர்தான் செயலாளர். கூட்டத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம். மறுநாள் காலையில் நோட்டும் பேனாவுமாக மாடி மாடியாக ஏறுவார். கதவைத் திறப்பவர் வீட்டுச் சொந்தக்காரரோ வாடகைக்காரரோ, கையெழுத்து வாங்காமல் இறங்கமாட்டார். “கோரம் இல்லாத கூட்டமே கிடையாது சார், என் நோட்டுல. தலை எண்ணிக்கை எப்பவும் சரியா இருக்கும்” என்பார். அடுப்பில் பால் பொங்கும், வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும். யார் படித்துப் பார்த்தார்கள்? நானும்தான் படித்ததில்லை.

கைலாசபுரம் தொழிற்சாலை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர். ஹிட்லர், முசோலினி பற்றித் தடித் தடியாகப் புத்தகங்கள் வைத்திருக்கிறார். டீக்கடையில் யாராவது வாயைக் கிளறினால் சலித்த குரலில் சொல்லுவார்: “ஹிட்லர் ஒண்ணும் கதவ ஒடைச்சுக்கிட்டு வரல சார். பெரிய மனுஷங்களே கூப்பிட்டு ஒக்கார வச்சாங்க. அப்புறம் அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிட்டாங்க.”

போன வருடம் கீழே நிறுத்தியிருந்த இரண்டு பைக்குகள் திருடு போயின. எல்லோருக்கும் பயம். எங்களில் ஒருவரான பாலு சங்கத் தலைவரானார். சுறுசுறுப்பான மனிதர், ஒரே வாரத்தில் இரும்பு கேட் வந்தது, கேமரா வந்தது. எங்களுக்கு நிம்மதியாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அடுத்து, நிலைமை சீராகும்வரை சங்கத் தேர்தல் வேண்டாம் என்று ஒரு தீர்மானம். தலைவர் அனுமதியில்லாமல் யாரும் வீட்டை வாடகைக்கு விடக்கூடாது, பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் கூடாது என்று இன்னொன்று. இரண்டும் ஏகமனது. பைக் திருடன் இரண்டே மாதத்தில் பிடிபட்டுவிட்டான். தேர்தல் மட்டும் வரவில்லை.

இதெல்லாம் சரிதானா என்று ரங்கநாதனிடம் ஒருநாள் கேட்டேன். படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “பாலுகிட்ட யாரு சார் மல்லுக்கட்டறது? எழுதிக் குடுத்துட்டா ஆள விடுவாரு” என்றார்.

மூன்றாவது தீர்மானம் இந்த மாதம் வந்தது. இரண்டாவது மாடியில் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கும் நசுருதீனுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அனுமதி இல்லை. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். சத்திரம் பேருந்து நிலையத்தருகே செருப்புக்கடை வைத்திருப்பவர் அவர். வீட்டுக்கு யார் யாரோ வந்து போகிறார்கள் என்பதுதான் பாலு சொன்ன காரணம். எங்கள் வீடுகளுக்கெல்லாம் விருந்தாளியே வருவதில்லை போலிருக்கிறது! வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். எதற்கு வம்பு என்று தலையாட்டிவிட்டார்.

அன்றைய கூட்டத்துக்கு நசுருதீனின் மனைவி அஃப்ஷீன் வந்திருந்தார். பாலு தீர்மானத்தைப் படித்து முடித்ததும் எழுந்து நின்றார்.

“இதுக்கு நான் சம்மதிக்கலங்க. பொண்ணுக்கு பிளஸ் டூ பரீட்சை வருது, இப்ப எங்க போவோம்? முன்னாடி ரெண்டு தீர்மானத்துலயும் நானும்தான் கையெழுத்து போட்டேன். படிக்காமயே போட்டேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அஃப்ஷீன் ரங்கநாதன் பக்கம் திரும்பினார். “நான் வேணாம்னு சொன்னத எழுதுங்க சார்.”

ரங்கநாதன் நோட்டைப் பார்த்தார். பக்கம் முழுக்க, கடைசி வரியின் அடிக்கோடுவரை எழுதி, மை எப்போதோ காய்ந்திருந்தது. பாலுவை ஒருமுறை பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார். எழுதத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் நோட்டை அஃப்ஷீன் பக்கமாகத் திருப்பி வைத்தார். அஃப்ஷீன் பெயருக்கு எதிரே கையெழுத்துக்காகக் காலியாக இருந்த இடத்தை ஆள்காட்டி விரலால் தொட்டுக் காட்டி, பேனாவை நீட்டினார்.