பார்த்தேன் என்று சொன்னேன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். அதனால் இதை எதில் சேர்ப்பது என்று எனக்கே தெரியவில்லை, நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, நான் செய்ததை மட்டுமாவது நம்புங்கள்.

தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளித்துக்கொண்டிருந்தவன், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து மண்ணூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். வல்லக்கோட்டை போகிற வழியில் ஒரு பழைய கல்குவாரி, மழைத் தண்ணீர் நிறைந்து கிடக்கும். அதில் ஒரு மினி லாரி விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஓட்டிய ஏழுமலையைக் காணவில்லை. தீயணைப்பு ஆட்கள் தேடியும், அந்தக் கலங்கல் தண்ணீரில் வண்டி கிடக்கும் இடம்தான் தெரிந்தது. கரை சரிகிறது என்று கிரேன் கிட்டே வரவில்லை. எங்கள் சூப்பர்வைசர் தனபால் அண்ணன் உள்ளூர்க்காரர், அவர்தான் என்னைக் கூட்டிப்போனார்.

காலி டிரம்களில் தண்ணீர் நிரப்பி மூழ்கடித்து வண்டியோடு கட்ட வேண்டும். பிறகு கம்ப்ரஸரால் காற்றை அடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறி டிரம் மேலே வரப் பார்க்கும், வண்டியையும் தூக்கிக்கொண்டு வரும். பன்னிரண்டு டிரம் போதும் என்று அண்ணன் கணக்குப் போட்டார். மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் கட்டி முடித்தேன்.

மூச்சு வாங்க மேலே வந்தபோது ஏழுமலையின் மனைவி செல்வி தண்ணீர் ஓரத்துக்கு வந்தாள்.

"அண்ணா, கேபின் உள்ள ஒரு தபா பாத்துட்டு வாண்ணா. வண்டிய வுட்டுட்டு ஓடிட்டாருன்னு ஓனரு சொல்றாரு. அவரு ஓடுற ஆளு இல்லண்ணா."

போனேன். தடவித் தடவிக் கதவின் கைப்பிடியைப் பிடித்த நேரம், உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. மீன் அப்படித் தட்டாது. இரண்டு நாளாய்த் தண்ணீருக்குள் கிடக்கிற மனிதனும் தட்ட முடியாது. கைப்பிடியை விட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இத்தனை வருஷம் கடலில் சங்கு குளித்தவன், பயந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"பாத்துட்டேன். உள்ள யாரும் இல்ல."

"நான் சொல்லல? ஓடிட்டான்" என்று வண்டி ஓனர் சத்தமாகச் சொன்னார், கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். செல்வி அழவில்லை. நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கம்ப்ரஸரை ஓட்டினார்கள். பன்னிரண்டு டிரம்மிலும் காற்று நிறைந்து, மிச்சக் காற்று குமிழ் குமிழாய் மேலே வருகிறது, வண்டி மட்டும் அசையவில்லை.

"இன்னாடா இது, கணக்கு கரீட்டாத்தான கீது" என்ற அண்ணன், இன்னும் நாலு டிரம் கட்டச் சொன்னார். மறுபடி இறங்க வேண்டும் என்றதும் எல்லோர் முன்னாலும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணே, நான் உள்ள பாக்கவே இல்லண்ணே. பயந்து வந்துட்டேன். பொய் சொல்லிட்டேன்."

நான் வாயை மூடுவதற்குள் தண்ணீர் நடுவில் குபுக்கென்று பொங்கியது, டிரம்கள் மேலே வந்தன, கூடவே லாரியின் கூரை. அடியில் சேறு பிடித்திருக்கும், அது விட்ட நேரமும் நீ பேசின நேரமும் ஒன்றாகிவிட்டது என்று அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார். இருக்கலாம். ஏழுமலை ஸ்டீயரிங்குக்குப் பின்னால்தான் இருந்தார், சீட் பெல்ட் போட்டபடி.

ஆம்புலன்ஸ் கிளம்பும் முன் செல்வியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவளே பேசினாள், குரலில் கோபமே இல்லை.

"தெரியும்ணா. நீ மேல வந்து இல்லன்னு தலைய ஆட்டுனப்போ, அவரு உன் பின்னாடிதான் நின்னுகினு இருந்தாரு, கழுத்தளவு தண்ணியில. நீயே சொல்லுவன்னு பாத்துகினு இருந்தாரு."

அதற்குப் பிறகு நான் எந்தத் தண்ணீரிலும் இறங்கவில்லை. ஆனால் கம்பெனி லைனில் யாராவது "செக் பண்ணிட்டியா?" என்று கேட்டால், பதில் சொல்லும் முன் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.