நெட்டையானவர்கள் வெளிநாடு போனால்

நெட்டையானவர்கள் குடும்பத்தோடு வெளிநாட்டுப் பயணம் கிளம்புவதாக இருந்தால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருக்கைகளைச் செய்கிறவர்கள் எல்லோரும் கட்டையானவர்கள். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் மினிபஸ்ஸிலேயே இது எனக்கு விளங்கிவிட்டது. உட்கார்ந்தால் முன் இருக்கைக் கம்பி முழங்காலில் இடிக்கும், எழுந்தால் தலை கூரையில் முட்டும்.

நான் ஐந்தடி பதினொரு அங்குலம். எங்கள் ஊரில் ஒரு கணக்கு ரீச்சருக்கு இது கொஞ்சம் அதிகம்தான். என் கணவர் என் தோளுக்குச் சற்று மேலே வருவார். கலியாணத்தன்று புகைப்படக்காரர் அவரை ஒரு பலகையில் ஏறி நிற்கச் சொன்னபோது முகம் சுளிக்காமல், சிரித்துக்கொண்டே ஏறினார். இந்த மனிதரோடு காலம் தள்ளலாம் என்று அந்த இடத்திலேயே முடிவுசெய்தேன். சந்தையில் யாராவது, “ரீச்சர், மேலை காத்து எப்பிடி?” என்று கேட்டால், “நல்லாய்த்தான் இருக்கு, ஏணி வைச்சு ஏறி வந்து பாருங்கோ” என்பேன். எனக்கு வாய் இருந்தது, தப்பித்துக்கொண்டேன்.

என் மகளுக்கு அந்த வாய் இல்லை. பதினைந்து வயதில் என் உயரத்துக்கு வந்துவிட்டாள். சென்ற வருடம் ஒரு கலியாண வீட்டில் உறவுக்காரி ஒருத்தி, “உவளுக்கு மாப்பிள்ளையை எங்கை தேடப் போறியள்? பனையிலை ஏறியோ?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து பிள்ளை கூனத் தொடங்கினாள். புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோள்களை உள்ளே இழுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நடந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் “நிமிர்ந்து நட” என்பேன். நெதர்லாந்தில் இருக்கும் மச்சாள், கணவரின் தங்கை, விடுமுறைக்கு வரும்படி கூப்பிட்டபோது நான் உடனே தலையாட்டியது அதற்காகத்தான். அங்கே பெண்கள் எல்லாம் நெட்டை என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்கள் நடுவில் இவள் நிமிர்ந்துவிடுவாள் என்று நம்பினேன்.

விமானத்தில் நெட்டையானவர்கள் அவசர வழிக்குப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கவேண்டும். கால் நீட்ட இடமிருக்கும். நானும் கேட்டேன், ஒன்று கிடைத்தது. ஆனால் பருத்தித்துறைக்காரர் வெளிநாடு போனால் கையில் வடை இல்லாமல் போவதில்லை. எங்கள் தட்டை வடை அப்பளம் மாதிரி, கை பட்டாலே நொறுங்கும். மச்சாளுக்கு மட்டுமல்ல, அவளுடைய சினேகிதிகளுக்கும் சேர்த்து ஒரு பை நிறையக் கொண்டுபோனேன். தலைக்கு மேலே பெட்டி வைக்கும் தட்டில் வைத்தால் மற்றவர்களின் பெட்டிகள் நசுக்கிவிடும். காலடியில் வைக்கலாம் என்றால், அவசர வழி வரிசையில் காலடியில் எதையும் வைக்கக்கூடாதாம். பதினைந்து வயதுப் பிள்ளையையும் அங்கே இருக்க விடமாட்டார்களாம். வடையையும் விட மனமில்லை, பிள்ளையைத் தனியே விடவும் மனமில்லை. அந்த இருக்கை கணவருக்குப் போனது. அவருடைய கால்கள் எதையும் தொடாமல் நீண்டு கிடக்க, மனிதர் குறட்டை விட்டு நித்திரை கொண்டார். நானும் மகளும் பின்னால் முழங்கால்களை நாடிக்குக் கீழே மடித்துக்கொண்டு வடைக்குக் காவல் இருந்தோம். ஆகவே நெட்டையானவர்களே, வடை கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோனாலும் அதைக் கட்டையான ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

மச்சாள் வீட்டுக் குளியலறையில் கண்ணாடி என் முகத்துக்கு நேரே இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாகக் குனியாமல் தலைவாரினேன். கணவருக்கு அதில் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. சவரம் செய்ய மச்சாளிடம் முக்காலி கேட்டார். சமையலறை மேடையில் வெங்காயம் அரிந்தபோது முதுகு வலிக்கவில்லை. கடையில் கணுக்கால் வரை வரும் காற்சட்டைகள் தொங்கின. கண்டவுடன் வாங்கிவிடுங்கள், ஊரில் கிடைக்காது. ஆனால் பழைய காற்றாலைகளுக்குள் போகும்போது கவனம். அந்தக் காலத்து வாசல்கள் தணிவு. நான் நெற்றியில் வாங்கிக்கொண்டேன்.

எனக்கு எல்லாம் கொண்டாட்டமாக இருந்தது. மகளோ அங்கேயும் கூனிக்கொண்டுதான் நடந்தாள். தெருவில் எங்களைவிட உயரமான பெண்கள் கையை வீசிக்கொண்டு போனார்கள், இவள் தரையையே பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“நிமிர்ந்து நட பிள்ளை. இஞ்சை ஆர் உன்னைப் பாக்கினம்?”

“நீங்கள்தான் பாக்கிறியள்” என்றாள்.

என் வாயை அடைத்த முதல் ஆள் அவள்தான். கணவர் அப்பால் திரும்பி நின்று சிரிப்பை அடக்கினார். சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. அந்த உறவுக்காரி ஒருநாள்தான் சொன்னாள், நான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பின்னேரம் மச்சாளின் பக்கத்து வீட்டுப் பெண் தன்னுடைய சைக்கிளை மகளுக்குக் கொடுத்தாள். அந்த ஊர்ச் சைக்கிள் உயரமானது. கைபிடி மேலே எழுந்து, ஓட்டுகிறவரின் பக்கமாக வளைந்திருக்கும். அதில் குனிந்திருந்து ஓட்டவே முடியாது. ஊரில் மகளிடம் இருக்கும் சைக்கிள் ஆறாம் வகுப்பில் வாங்கியது. ரியூஷனுக்குப் போகும்போது முழங்கால் கைபிடியில் இடிக்க, முதுகை வளைத்துத்தான் மிதிப்பாள். இதில் ஏறியதும் அவளுக்கே வியப்பு. கால் முழுதாக நீண்டது. வாய்க்கால் ஓரமாக மிதித்துக்கொண்டு போய் மறைந்துவிட்டாள்.

நான் மதகடியில் காத்திருந்தேன். தூரத்தில் ஒரு பெண் தலை நிமிர்ந்து, முதுகு நேராக, காற்றில் தலைமயிர் பறக்க வந்துகொண்டிருந்தாள். எவ்வளவு வடிவான பிள்ளை, இந்த ஊர்க்காரியாக்கும் என்று நினைத்தேன். கிட்ட வந்து, “அம்மா, இன்னொருக்கால் ஓடிப்போட்டு வாறன்” என்றபோதுதான் என் பிள்ளை என்று தெரிந்தது. “ஓம், ஓடிப்போட்டு வா” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண் கலங்கியதை அவள் பார்த்திருந்தால் இறங்கியிருப்பாள்.

ஊருக்குத் திரும்பிய அடுத்த கிழமை, சைக்கிளைத் திருத்தவேண்டும் என்று மகள் என்னைத் தன்னோடு வரச்சொல்லிக் கேட்டாள். இருவரும் அவரவர் சைக்கிளில் சந்தையடிக் கடைக்குப் போனோம். “அண்ணை, சீற்றையும் ஹாண்டிலையும் எவ்வளவு ஏத்தலாமோ அவ்வளவும் ஏத்திவிடுங்கோ” என்றாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

“ரீச்சர், இவ்வளவு ஏத்தினால் றோட்டிலை எல்லாரும் பாப்பினம்.”

எனக்கு ஒரு பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“பாக்கட்டும்” என்றாள் மகள்.

அவர் இரண்டையும் ஏற்றிக் கொடுத்தார். அவள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினாள். பிறகு என் சைக்கிளைக் கையால் உருட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினாள். வாங்கிய நாளில் கடைக்காரர் வைத்துத் தந்த உயரத்திலேயே அந்த இருக்கை இத்தனை வருடமும் இருந்திருக்கிறது.

“அம்மான்ரையையும் ஏத்திவிடுங்கோ.”