தின்று காட்டிய மாவு

"அள்ளிப் போடறவன் தூண்டில்ல மீன் ஆடாது, கிள்ளிப் போடறவன்..." என்று என் பெரியப்பா ஏதோ சொல்வார். மீதிப் பாதி எவ்வளவு யோசித்தும் வரவில்லை. தூண்டில் கடை என்பது மீனைக் கண்ணால் பார்க்காமல், மீன் மாட்டாத குற்றத்தை மட்டும் தினமும் கேட்டுக்கொள்கிற தொழில். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பேச்சு வாங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சண்டை வந்து குவைத்திலிருந்து திரும்பி, நாற்பத்தேழு வயதில், தொண்ணூற்றொன்றாம் வருஷம் தை மாதம், வல்லக்கோட்டை போகிற சாலையில் ஏரிக்கரையோரம் கடையைப் போட்டேன். குவைத் என்று எத்தனை முறை சொன்னாலும் ஊருக்கு நான் துபாய்க்காரன்தான்.

கடல் முள்

வரும்போது ஒரு தகர டப்பா நிறைய தூண்டில் முள் கொண்டுவந்திருந்தேன். அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் கடலில் போட்டுப் பழகியவை. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். அவற்றையே கண்ணாடிப் பெட்டியில் பெருமையாக அடுக்கிவைத்தேன். ஏரிக் கெண்டை வேறு ஜாதி. அதற்கு உதடு மெத்தென்று இருக்கும். இரையைக் கடிக்காது, உறிஞ்சும். பெரிய முள் வாய்க்குள் போகாது. போனாலும் உதட்டைக் கிழித்துக்கொண்டு வெறுமனே திரும்பும்.

இரண்டு வாரம் என்னிடம் முள் வாங்கிய எல்லோரும் வெறுங்கையோடு கரையேறினார்கள். மாடு மேய்த்துக்கொண்டே மூங்கில் கழியில் தினமும் நாலு கெண்டையாவது பிடிக்கிற அஞ்சலை, சின்ன முள்ளும் மெல்லிய தூண்டில் நரம்பும் கேட்டு வந்தாள். என் முள்ளை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இன்னா சார், இது மீன் புடிக்கவா, ஆட்ட உரிச்சித் தொங்கவுடவா?"

புத்தகத்து வாளி

முள்ளை மாற்றினேன். தக்கைக்கு மயிலிறகுத் தண்டு வாங்கி வைத்தேன். அடுத்தது இரை. கடலைப் புண்ணாக்கை வறுத்து இடித்து, தவிடும் மைதாவும் சேர்த்து, வெல்லப்பாகு ஊற்றி, சோம்பைப் பொடித்துத் தூவிப் பிசைவேன். வாசனைக்கு பஸ்ஸிலிருந்து தலைகள் திரும்பும். இதுவரைக்கும் குற்றமில்லை.

குற்றம் ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தில் ஆரம்பித்தது. பெரிய கெண்டை வேண்டுமானால் சில நாள் முன்னாலிருந்தே ஒரே இடத்தில் வாளி வாளியாக இரையைக் கொட்டி மீனைப் பழக்கு என்று அதில் இருந்தது. இரண்டு பாஷை படித்த திமிர் எனக்கு. சித்திரை வெயிலில், இடுப்பளவுத் தண்ணீரில், மூன்று சாயங்காலம் ஆள் வைத்துக் கொட்டினேன். வாளி சுமந்த ஏழுமலை, பக்கத்துக் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே துண்டு நிலத்தில் பயிர் வைத்திருப்பவன், மூன்றாம் நாள் தயங்கி நின்றான். "தண்ணி கொறஞ்சி கீது சார். இவ்ளோ வோணுமா?" என்றான். புத்தகத்தைத் திறந்து படம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாளியைத் தூக்கினான். "புக்குல போட்டுகீதுன்னா சரி சார். மீனும் படிச்சிருக்கும்."

கல்லாமேல் கட்லா

புதன்கிழமை விடிந்தபோது ஏரி வெள்ளையாக மிதந்தது. ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிற தயாளன், செத்த கட்லா மீன் ஒன்றைக் கொண்டுவந்து என் கல்லாமேல் அறைந்தார். பின்னால் முப்பது பேர். "உன் மாவுல இன்னாய்யா கலந்த?" என்றார்.

வாளியிலிருந்து ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டேன். இன்னொன்றும் தின்றேன். கூட்டம் என் தொண்டைக்குழியையே பார்த்தது. நான் விழவில்லை. யாரோ, ஏழுமலை திங்கட்கிழமை பயிருக்கு மருந்தடிக்கிற டப்பாவை ஏரியில் கழுவினான் என்றார்கள். கழுவியது உண்மைதான், எல்லோரும் கழுவுவதுதான். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. எனக்கு வியர்வை அப்போதுதான் ஆறியது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. தயாளன் மீனை எடுத்துக்கொண்டார். "மாவு இல்லன்னா மனுசன்தான். ஞாயித்துக்கெழம கோயிலாண்ட அவன நிக்க வெச்சிக் கேக்கறேன்."

தவளைச் சத்தம்

அன்று சாயங்காலம் ஏரிக்குப் போனேன். நாங்கள் மாவு கொட்டிய இடத்தில் கையை விட்டேன். கருத்த சேறு; புளித்த கஞ்சி நாற்றம். உள்ளேயிருந்து குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மாட்டை ஓட்டிக்கொண்டு போன அஞ்சலை நின்றாள். நான் கையை முகர்வதைப் பார்த்தாள். "மருந்துன்னா தவளையும் செத்திருக்கும் சார். தவள கத்திக்கினு கீது, கேளு. இதுங்களுக்கு மூச்சு முட்டுது, அவ்ளோதான்."

சனிக்கிழமை வாடிக்கை

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் முடிவாகப் போவது ஊருக்கே தெரிந்திருந்தது. செத்த மீனுக்கெல்லாம் ஏழுமலை நஷ்டம் கட்ட வேண்டும்; கட்டாவிட்டால் அடுத்த போகத்துக்கு அவன் வயலுக்கு மடைத் தண்ணீர் கிடையாது. நான் வாயைத் திறந்தால் என் கடை இருக்காது. மாவு தண்ணீரில் புளித்தால் அதிலிருக்கிற காற்றைத் தின்று மீனைச் சாகடிக்கும், மனுஷன் தின்றால் சாகடிக்காது என்பதை அந்த முப்பது பேருக்கும் நான்தான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம் ஏழுமலை ஷிப்ட் சட்டையோடு கடைக்கு வந்தான். முள் வாங்கவில்லை. தக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தான். "நான் கழுவுனது காலி டப்பா சார்" என்றான். தலையாட்டினேன். படியிறங்கியவன் திரும்பினான். "நாளைக்கி நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும் சார். ஊரு கேக்கும். மாவத் தின்னு காமிச்சவராச்சே."

ஞாயிற்றுக்கிழமை காலை, புளித்துப் பொங்கியிருந்த மாவு வாளியையும் அந்த இங்கிலீஷ் புத்தகத்தையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, ஏழுமலை வரும் முன்பே கோயில் வாசலில் அவன் நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றேன்.