நேராக மட்டும் ஓடிய கார்

2006 மே, சனிக்கிழமை. முற்பகல் பத்து மணிக்கு, நாங்கள் குடியேறிய நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியிலுள்ள அண்ணையின் கராஜில், கால் மைல் பந்தயங்களில் நேராக மட்டும் ஓடிய பழைய அமெரிக்கக் காரின் இயந்திரம் மீண்டும் இயங்கியது. வார இறுதிகளில் அண்ணியை ஏற்றிச் செல்வதற்காக அதை நான்கு ஆண்டுகள் திருத்திய என் அண்ணை, மாசி மாதம் காலமானார்.

"விக்கிறதோ, வைச்சிருக்கிறதோ, நீங்களே சொல்லுங்கோ, தம்பி," என்றார் அண்ணி.

பெற்றோல் மணம் என்னைத் திருகோணமலைக்குக் கொண்டுபோயிற்று. சிறுவயதில் ஒருநாள், ஞாயிறு பூசைக்குப் போகும் வழியில் அப்பாவின் ஒஸ்ரின் கார் நடுங்கத் தொடங்கியது. அப்பா ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை ஓடவிட்டபடியே காரின் கைநூலைப் புரட்டினார். பன்னிரண்டு வயது அண்ணை திருப்புளியின் நுனியை இயந்திரத்தில் ஊன்றி, மரப்பிடியில் காதை வைத்தார்.

"மூண்டாவது சிலிண்டர்தான் இருமுது, அப்பா."

"புத்தகத்தில அப்பிடி இல்லையேடா."

"அப்ப புத்தகத்தை ஓட்டிக்கொண்டு போங்கோ!"

அம்மா முக்காட்டுக்குள் சிரித்தார். அண்ணை சொன்ன இடத்தில் பிளக்கைத் துடைத்ததும் கார் சீராக ஓடியது. வகுப்பில் முதற்பிள்ளை நான். வீட்டில் கெட்டிக்காரர் யார் என்பதில் அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

இன்று எட்டு சிலிண்டர்களும் ஒரே சீராக ஒலித்தன.

"விக்க வேண்டாம், அண்ணி."

"அப்ப ஆர் ஓட்டுறது? நீங்கள் மெட்ரோவிலயே காலம் தள்ளினவர்."

மீதமுள்ள வேலைகள்:

சத்தத்தை அடக்கும் சைலன்சர் பூட்ட வேண்டும்.

அண்ணியின் இருக்கைக்குப் பாதுகாப்புப் பட்டி பொருத்த வேண்டும்.

அறுபத்தெட்டு வயதில் நான் கார் ஓட்டப் பழக வேண்டும்.